நேரோபேண்ட் நெபுலா படங்கள்: நிறத்தையும் நாய்ஸையும் ஒன்றாகக் கையாளுவது எப்படி?

விண்வெளி வாயு மேகமான ஒரு நெபுலாவை நேரோபேண்டில், அதாவது ஒரு வாயுவின் ஒளியை மட்டும் விடும் குறுகிய ஃபில்டர்களில், படமெடுத்தாகிவிட்டது. ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டேக்கிங் முடிந்து, ஃபில்டருக்கு ஒன்றாக மூன்று மாஸ்டர் ஃபைல்கள் திரையில் இருக்கின்றன. ஹைட்ரஜன்-ஆல்ஃபா பளிச்சென்று, இழை இழையாகத் தெரிகிறது. ஆக்சிஜன்-3 மங்கலாக, மேலே மணல் தூவியதுபோல இருக்கிறது. சல்ஃபர்-2 அதைவிட மோசம். மூன்றையும் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் போட்டுச் சேர்த்தால் படம் முழுக்கப் பச்சை. அதைச் சரிசெய்ய மற்ற இரண்டையும் ஏற்றினால் நட்சத்திரங்கள் ஊதாவாகின்றன, வானத்தில் நீலமும் சிவப்புமாகத் திட்டுகள் கிளம்புகின்றன.

நேரோபேண்டில் இறங்கிய எல்லோரும் இந்த இடத்தில் நின்றிருப்பார்கள். நிறம் ஒரு பிரச்சினை, நாய்ஸ் (மணல் தூவியதுபோன்ற அந்தத் தற்செயல் இரைச்சல்) வேறொரு பிரச்சினை என்று நினைத்து ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்குப் போவதுதான் பலருடைய வழக்கம். நானும் நெடுநாள் அப்படித்தான் செய்தேன். இரண்டும் ஒன்றே என்று புரிந்த பிறகுதான் என் படங்கள் மாறின. நிறத்தைச் சமன்செய்வது என்றால் பலவீனமான சேனலைப் பெருக்குவது. பெருக்கும்போது அதிலுள்ள நாய்ஸும் சேர்ந்தே பெருகும். ஆகவே நிறம் பற்றி எடுக்கும் ஒவ்வொரு முடிவும் நாய்ஸ் பற்றிய முடிவுதான். கீழே சொல்லும் படிகளின் வரிசை இந்த எண்ணத்தை ஒட்டியே அமைந்தது.

மூன்று கோடுகள், மூன்று பலங்கள்

ஹைட்ரஜன்-ஆல்ஃபா 656.3 நானோமீட்டரில் ஒளிர்கிறது. ஆக்சிஜன்-3 இரட்டைக் கோடு: 500.7, 495.9. சல்ஃபர்-2 அடர்சிவப்பில் இரட்டைக் கோடு: 671.6, 673.1. ஆக, ஹைட்ரஜனும் சல்ஃபரும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே சிவப்பு. ஹப்பிள் வண்ணத்தில் சல்ஃபருக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்சிஜனுக்கு நீலமும் கொடுப்பது அலைநீள வரிசையைக் காப்பாற்றிக்கொண்டே மூன்றையும் பிரித்துக் காட்டுவதற்காகத்தான். 1995இல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த எம் 16 நெபுலாவின் தூண்கள் படம் இந்த வண்ணத்தை உலகறியச் செய்தது.

நெபுலாவில் ஹைட்ரஜன்தான் மிக அதிகம் என்பதால் பெரும்பாலான இடங்களில் அதன் கோடே பலமானது. மற்ற இரண்டும் எங்கே ஒளிரும் என்பதை ஆற்றல் தீர்மானிக்கிறது. ஹைட்ரஜனை அயனியாக்க 13.6 எலக்ட்ரான்வோல்ட் போதும். ஆக்சிஜனிலிருந்து இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க 35.1 வேண்டும். அவ்வளவு ஆற்றலுள்ள ஒளி, சூடான நட்சத்திரத்தின் பக்கத்தில்தான் நிறையக் கிடைக்கும். சல்ஃபர் 10.4லேயே முதல் எலக்ட்ரானை விட்டுவிடும், 23.3 கிடைத்தால் அடுத்ததையும் இழந்துவிடும். அதனால் ஒரு எலக்ட்ரானை மட்டும் இழந்த சல்ஃபர், வெளி விளிம்புகளிலும் அதிர்ச்சி அலை மோதும் முகப்புகளிலும் பலமாகத் தெரிகிறது. ரோசெட் நெபுலாவின் நடுவில் நீலமும் வெளியே பொன்னிறமும் வருவது இதனால்தான். சூப்பர்நோவா எச்சங்களை அடையாளம் காண, சல்ஃபருக்கும் ஹைட்ரஜன்-ஆல்ஃபாவுக்குமான விகிதம் 0.4க்கு மேல் இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் பார்ப்பதும் இதே அடிப்படையில்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், உங்கள் படத்தில் ஒரு நிறம் வந்திருக்கும் இடம் இந்த இயற்பியலோடு பொருந்துகிறதா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நெபுலாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத மூலையில் நீலம் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நாய்ஸையும் கிரேடியன்ட்டையும்தான் (பின்னணி வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதுதான் கிரேடியன்ட்).

ஒரு சின்னக் கணக்கு

நெபுலாவின் ஒரு பகுதியில், பின்புலத்துக்கு மேல் ஹைட்ரஜனின் சிக்னல் 0.020, ஆக்சிஜனின் சிக்னல் 0.004 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் பின்புல நாய்ஸ் 0.001. சிக்னலுக்கும் நாய்ஸுக்குமான விகிதம் ஒன்றில் 20, மற்றதில் 4. இரண்டையும் சமமாகத் தெரியவைக்க ஆக்சிஜனை 5 மடங்கு பெருக்குகிறீர்கள். சிக்னல் 0.020 ஆகிவிடும். நாய்ஸ் 0.005 ஆகிவிடும். இப்போது நீலச் சேனலில் மட்டும் பச்சையைவிட 5 மடங்கு நாய்ஸ். மூன்று சேனல்களின் நாய்ஸ் சமமாக இல்லாதபோது அது நிறமாகத் தெரியும். வானத்தில் திரியும் நீலத் திட்டுகளின் பிறப்பிடம் இதுவே.

இந்த எண்களை உங்கள் மாஸ்டர்களிலும் அளந்து பாருங்கள். நட்சத்திரமும் நெபுலாவும் இல்லாத ஒரு சின்னச் சதுரத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் மீடியனிலிருந்து (நடு மதிப்பிலிருந்து) ஒவ்வொரு பிக்சலும் விலகும் அளவின் மீடியனை எடுத்து 1.4826ஆல் பெருக்கினால் அந்தச் சேனலின் நாய்ஸ் கிடைக்கும். சிரில், பிக்ஸ்இன்சைட் என்ற படச் செயலாக்க மென்பொருள்கள் இரண்டும் இந்த அளவுகளைத் தரும். மூன்று எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒவ்வொரு படியிலும் உதவும்.

படி 1: படமெடுக்கும்போதே நாய்ஸைப் பங்கிடுதல்

மேலே உள்ள கணக்கில் ஆக்சிஜனின் விகிதத்தை 4லிருந்து 8 ஆக்க வேண்டுமென்றால் எக்ஸ்போஷர் நேரம் 4 மடங்காக வேண்டும். 3 மணி நேரம் எடுத்தவர் 12 மணி நேரம் எடுக்க வேண்டும். ஸ்டேக்கிங்கின் லாபம் வர்க்கமூலத்தில்தான் ஏறும். ஆகவே மூன்று ஃபில்டர்களுக்கும் சமநேரம் ஒதுக்குவது பெரும்பாலும் தவறு. பலவீனமான சேனலுக்கு நேரத்தைக் கொட்டுங்கள். ஹைட்ரஜனுக்கு 4 மணி நேரம் போதும் என்று பட்டால், மீதி இரவுகளை யோசிக்காமல் ஆக்சிஜனுக்கும் சல்ஃபருக்கும் கொடுத்துவிடலாம்.

நிலா இல்லாத இரவுகள் ஆக்சிஜனுக்கு. வளிமண்டலத்தில் சிதறும் நிலவொளி நீலத்தையும் பச்சையையும் ஒட்டியே அதிகம். 501 நானோமீட்டர் அந்தப் பகுதியில் மாட்டிக்கொள்கிறது. 656க்கும் 672க்கும் பாதிப்பு மிகக் குறைவு என்பதால் நிலா உள்ள இரவுகளில் அவற்றை எடுக்கலாம்.

ஒரு ஃபிரேமின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். குறுகிய ஃபில்டரில் வானப் பின்னணி மிகக் குறைவாக வருவதால் சென்சரைப் படிக்கும்போது கேமராவே சேர்க்கும் ரீட் நாய்ஸ் தலைதூக்கும். பின்னணியில் சேரும் எலக்ட்ரான்கள் ரீட் நாய்ஸின் வர்க்கத்தைப்போல் 10 மடங்கு ஆகும்வரை ஒரு ஃபிரேமை ஓடவிட்டால், ரீட் நாய்ஸால் கூடும் மொத்த நாய்ஸ் 5 சதவீதத்துக்குள் நிற்கும். ரீட் நாய்ஸ் 1.5 எலக்ட்ரான் என்றால் வர்க்கம் 2.25, பத்து மடங்கு 22.5. பின்னணி ஒரு பிக்சலுக்கு வினாடிக்கு 0.1 எலக்ட்ரான் என்றால் 225 வினாடி. இருண்ட வானத்தில் 3 நானோமீட்டர் ஃபில்டருக்கு இது இன்னும் நீளும். பலர் 300, 600 வினாடிகள் எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

டிதரிங்கை, அதாவது ஃபிரேம்களுக்கு இடையே தொலைநோக்கியைச் சற்று நகர்த்துவதை, தவிர்க்காதீர்கள். சென்சரின் நிலையான வடிவ நாய்ஸ், மெல்ல நகரும் ஃபிரேம்களின் மேல் கோடுகோடாக இழுத்துக்கொண்டு போவதை எந்த மென்பொருளாலும் நேர்மையாக அழிக்க முடியாது. ஓரிரு ஃபிரேம்களுக்கு ஒருமுறை சில பிக்சல்கள் தாறுமாறாக நகர்த்தினால் அது பிறக்கவே பிறக்காது.

கலர் கேமராவும் இரட்டைப்பட்டை ஃபில்டரும் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு பிக்சல்களில் சிவப்பு ஒன்று மட்டுமே ஹைட்ரஜனை நன்றாகப் பிடிக்கிறது. இரண்டு பச்சையும் ஒரு நீலமும் ஆக்சிஜனைப் பிடிக்கின்றன. சிரிலில் இவற்றைத் தனித்தனிச் சேனலாகப் பிரித்தெடுக்க ஸ்கிரிப்ட் இருக்கிறது. பிரித்துவிட்டு, மோனோ கேமராவின் மாஸ்டர்களைப்போலவே இந்தப் படிகளைப் பின்பற்றலாம்.

படி 2: ஒழுங்குபடுத்துதலும் கிரேடியன்ட் நீக்குதலும்

மூன்று மாஸ்டர்களையும் ஒரே ஃபிரேமை ஆதாரமாக வைத்துப் பொருத்துங்கள். டிதரிங்கால் கிழிந்த விளிம்புகளை மூன்றிலும் ஒரே அளவில் வெட்டுங்கள். ஒரு சேனலில் மட்டும் விளிம்பு விட்டுப்போனால் கிரேடியன்ட் கணக்கு அங்கே தடுமாறும்.

கிரேடியன்ட்டை ஒவ்வொரு சேனலிலும் தனியாக, சேர்ப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். ஆக்சிஜனில் 0.001 அளவுக்கு ஒரு சாய்வு இருந்தால் பார்வைக்குத் தெரியாது. 5 மடங்கு பெருக்கிய பிறகு படத்தின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் செம்பழுப்பாகவும் இருக்கும். அதைப் பிறகு நிறத்தால் சரிசெய்ய முயல்வது முடிவில்லாத வேலை.

நெபுலா ஃபிரேமை நிறைத்திருந்தால் இங்கே நிதானம் தேவை. வட அமெரிக்க நெபுலா போன்ற ஒன்றில் தானாக மாதிரிப் புள்ளிகள் போடவிட்டால், மங்கலான நெபுலாவையே கிரேடியன்ட் என்று கழித்துவிடும். கையால் ஏழெட்டுப் புள்ளிகள் மட்டும், உண்மையான இருளில் வையுங்கள். கழிக்கப்பட்ட பின்னணி மாதிரியைத் தனிப் படமாகத் திறந்து பாருங்கள். அதில் நெபுலாவின் உருவம் தெரிந்தால் செய்ததை ரத்து செய்யுங்கள். கிராக்ஸ்பெர்ட் மென்பொருளின் தானியங்கி முறையைப் பயன்படுத்தினாலும் இந்தச் சோதனையை விடக்கூடாது.

படி 3: லீனியர் நிலையில் நாய்ஸைக் குறைத்தல்

லீனியர் நிலை என்பது ஸ்ட்ரெச் செய்வதற்கு, அதாவது மங்கலானதைக் கண்ணுக்குத் தெரியும்படி ஏற்றுவதற்கு, முந்தைய நிலை. டீகன்வல்யூஷன் (மங்கலைக் கணிதத்தால் கூர்மையாக்குவது) செய்வதாக இருந்தால் அதுதான் முதலில். அதன் கணிதம், நாய்ஸ் கைபடாத தரவை எதிர்பார்க்கிறது. நாய்ஸைத் தடவி மழுப்பிய பிறகு கூர்மையாக்கினால், மழுப்பியதால் உண்டான திட்டுகளையே அது கூர்மையாக்கும்.

பிறகு நாய்ஸ் குறைப்பு. மூன்று சேனல்களுக்கும் ஒரே அளவு கொடுக்காதீர்கள். முன்பு எழுதிவைத்த எண்கள் இங்கேதான் வேலைக்கு வருகின்றன. ஹைட்ரஜனுக்கு மிக லேசாகக் கொடுங்கள், சில சமயம் ஒன்றுமே வேண்டாம். ஆக்சிஜனுக்கும் சல்ஃபருக்கும், பிற்பாடு எத்தனை மடங்கு பெருக்கப் போகிறீர்களோ அதற்கு ஈடாகக் கொடுங்கள். பெருக்கிய பிறகு மூன்றிலும் நாய்ஸ் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். நாய்ஸே இல்லாமல் ஆக்குவது குறிக்கோள் இல்லை.

படத்தை நுணுக்கத்தின் அளவுவாரியாக அடுக்குகளாகப் பிரிக்கும் வேவ்லெட் முறையில் செய்பவர்கள் அடுக்குகளைக் கவனிக்க வேண்டும். 1, 2, 4, 8, 16 பிக்சல் என்று அடுக்குகள் இரட்டித்துப் போகும். மணல் போன்ற நாய்ஸ் முதல் இரண்டில் இருக்கிறது. நிறத் திட்டாகத் தெரியும் அழுக்கு 8, 16, 32 பிக்சல் அடுக்குகளில் இருக்கிறது. பலர் முதல் அடுக்குகளை மட்டும் துடைத்துவிட்டு, திட்டுகள் ஏன் போகவில்லை என்று திகைக்கிறார்கள். மணலை மட்டும் அகற்றினால் அடியில் இருந்த திட்டு இன்னும் பளிச்சென்று தெரியும்.

செயற்கை நுண்ணறிவு அடிப்படையிலான நாய்ஸ் நீக்கிகள், உதாரணமாக நாய்ஸ்எக்ஸ்டெர்மினேட்டர், இந்த வேலையை வியக்கத்தக்க அளவில் செய்கின்றன. நான் அவற்றைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன். ஆனால் சிக்னல் மிகக் குறைந்த ஆக்சிஜன் சேனலில் முழு வேகத்தில் ஓட்டினால், நாய்ஸின் தற்செயல் வரிசைகளை இழைகளாக உருமாற்றிவிடும் அபாயம் உண்டு. பாதி அளவில் தொடங்கி, 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து, பிறகு ஏற்றுங்கள்.

படி 4: நட்சத்திரங்களைப் பிரித்தல்

நிறம் சேர்ப்பதற்கு முன் ஸ்டார்நெட் அல்லது அதையொத்த கருவியால் மூன்று மாஸ்டர்களிலிருந்தும் நட்சத்திரங்களை எடுத்துவிடுங்கள். ஆக்சிஜனை 5 மடங்கு ஏற்றும்போது நட்சத்திரங்களும் 5 மடங்கு ஏறும். சிவப்பிலும் நீலத்திலும் நட்சத்திரம் வீங்கி, பச்சையில் சின்னதாகவே இருக்கும். ஊதா நட்சத்திரத்துக்கு இதுதான் காரணம். நட்சத்திரமில்லாத படத்தில் நெபுலாவை விரும்பிய அளவுக்கு ஏற்றலாம்.

எடுத்த இடத்தில் வளையமோ தழும்போ இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிஜன் ஃபில்டரில் பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி வரும் ஒளிவட்டம் நெபுலா என்ற பெயரில் மிச்சமாகும். இப்போதே குளோன் கருவியால் ஒற்றிவிடுவது நல்லது.

படி 5: தனித்தனியாக ஸ்ட்ரெச்

இங்கே இரண்டு வழிகள் உண்டு. லீனியர் நிலையிலேயே லீனியர் ஃபிட் (சேனல்களின் அளவை ஒன்றுக்கொன்று பொருத்துவது) செய்து மூன்றையும் ஒரே ஸ்ட்ரெச்சில் ஏற்றுவது ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றுவது மற்றொன்று. நேரோபேண்டுக்கு இரண்டாவதே சரி என்பது என் முடிவு. லீனியர் ஃபிட் நெபுலாவையும் பின்னணியையும் ஒரே எண்ணால் பெருக்குகிறது. நமக்கு வேண்டியது நெபுலா ஏறுவதும் பின்னணி அடங்கியிருப்பதும்.

சிரிலிலும் பிக்ஸ்இன்சைட்டிலும் உள்ள பொது ஹைப்பர்போலிக் ஸ்ட்ரெச் இதற்குக் கச்சிதமானது. ஸ்ட்ரெச் எந்த ஒளி அளவைச் சுற்றிக் குவிய வேண்டும் என்பதை நீங்களே குறிக்கலாம். ஆக்சிஜனில் அந்தப் புள்ளியைப் பின்னணியின் உச்சியில் வைக்காமல், நெபுலாவின் மங்கலான பகுதி தொடங்கும் இடத்தில் வையுங்கள். அப்போது காண்ட்ராஸ்ட் நெபுலாவுக்குப் போகும், பின்னணி நாய்ஸ் தட்டையாகவே இருக்கும். ஒரே தாவலில் செய்யாமல் நான்கைந்து சிறு ஸ்ட்ரெச்சாகப் போனால் கட்டுப்பாடு கையில் இருக்கும்.

மூன்றிலும் பின்னணியின் மீடியன் ஒரே எண்ணுக்கு வர வேண்டும். 0.08 முதல் 0.12 வரை நான் வைப்பேன். பின்னணி மூன்றிலும் சமமானால் வானம் தானாகவே நடுநிலைச் சாம்பல் ஆகிவிடும். கறுப்புப் புள்ளியை (இதற்குக் கீழே எல்லாம் கறுப்பு என்ற எல்லையை) ஹிஸ்டோகிராமின் மலைக்குள் தள்ளி வெட்டாதீர்கள். ஒரு சேனலில் மட்டும் வெட்டினால் இருண்ட பகுதியில் அந்த நிறம் புள்ளிப்புள்ளியாகச் செத்து, எஞ்சிய இரண்டும் நிறத் தூளாக மாறும்.

படி 6: சேர்த்தல்

எஸ்ஹெச்ஓ என்றால் சல்ஃபர், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அதே வரிசையில் சிவப்பு, பச்சை, நீலம். ஹெச்ஓஓ என்றால் ஹைட்ரஜன் சிவப்புக்கு, ஆக்சிஜன் பச்சைக்கும் நீலத்துக்கும். ஹெச்ஓஓவில் நீலச் சேனலுக்குள் 15 சதவீதம் அளவுக்கு ஹைட்ரஜனைக் கலந்தால் செங்கல் நிறம் மாறி ரோஜா நிறம் வரும். இது இட்டுக்கட்டல் அல்ல. ஹைட்ரஜன் 486.1 நானோமீட்டரில் பீட்டா கோட்டையும் வீசுகிறது. தூசி இடைமறிக்காத நெபுலாவில் ஆல்ஃபா அதைப்போல் சுமார் 2.86 மடங்கு. தூசி வழியில் நீலத்தை இன்னும் குறைக்கும் என்பதால் 15 சதவீதத்தோடு நிற்கிறேன். சுத்தமான சேனலிலிருந்து நீலத்துக்குக் கொஞ்சம் சிக்னல் வருவதால் நாய்ஸும் சற்று அடங்குகிறது.

நேரம் ஒதுக்கிப் பழகத் தக்கது ஃபோராக்ஸ் என்ற இயங்கு வண்ணமுறை. ஒவ்வொரு பிக்சலிலும் ஆக்சிஜனின் அளவைப் பார்த்து எந்தச் சேனலில் எது வர வேண்டும் என்று தீர்மானிக்கிறது. சூத்திரம் இப்படி: ஆக்சிஜனின் மதிப்பை, 1லிருந்து அதைக் கழித்து வரும் எண்ணின் அடுக்குக்கு உயர்த்துங்கள். கிடைப்பதை எடை என்போம். சிவப்பு = எடை × சல்ஃபர் + (1 − எடை) × ஹைட்ரஜன். பச்சைக்கும் இதே மாதிரி ஒரு எடை, ஆனால் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் பெருக்கி வந்த எண்ணிலிருந்து. பச்சை = அந்த எடை × ஹைட்ரஜன் + (1 − அந்த எடை) × ஆக்சிஜன். நீலம் ஆக்சிஜனேதான். ஆக்சிஜன் 0.1 இருக்கும் இடத்தில் சிவப்பின் எடை சுமார் 0.13, 0.5 இருக்கும் இடத்தில் சுமார் 0.71. ஆக்சிஜன் இல்லாத பகுதியில் ஹைட்ரஜன் சிவப்பாகவே நிற்கும். இரண்டும் கலக்கும் இடத்தில் பொன்னிறம் பிறக்கும். பச்சைப் பிரச்சினை பெரும்பாலும் எழவே எழாது.

ஆனால் சூத்திரத்தை இன்னொரு முறை பாருங்கள். ஆக்சிஜன் மூன்று சேனல்களுக்குள்ளும் நுழைகிறது. அதன் நாய்ஸும் அப்படியே நுழையும். படி 3ஐ அரைகுறையாகச் செய்தவர்களுக்கு ஃபோராக்ஸ் அழுக்காக வருவது இதனால்தான். சூத்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் ஆக்சிஜனைத் திரும்பக் கழுவுங்கள்.

படி 7: பச்சையைத் திருப்புதல்

எஸ்ஹெச்ஓவில் பச்சை அதிகமாக இருக்கும்போது உடனே கை போவது எஸ்சிஎன்ஆர் கருவிக்கு. அது செய்வது எளிய வேலை: பச்சை, சிவப்பு–நீலத்தின் சராசரியைவிட அதிகமாக இருந்தால் அந்தச் சராசரிக்கு வெட்டிவிடும். சாதாரணக் கலர் படத்தில் விண்வெளியில் பச்சை அரிது என்பதால் அது பொருத்தம். இங்கே பச்சைதான் ஹைட்ரஜன். உங்கள் மிகச் சிறந்த தரவு அதில் இருக்கிறது. 100 சதவீதம் வெட்டினால் பச்சைக்குப் பதிலாக உட்காருவது நாய்ஸ் மிகுந்த இரண்டு சேனல்களின் சராசரி. நல்ல தரவைக் கெட்ட தரவால் மாற்றுகிறோம்.

ஆகவே முதலில் நிறத்தைத் திருப்புங்கள், பிறகு மிச்சத்தை வெட்டுங்கள். ஹ்யூ (நிறச்சாயல்) வளைவில் பச்சையை மஞ்சள் பக்கமாகவும், மஞ்சளைப் பொன்னிறம் பக்கமாகவும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பச்சை, மஞ்சள் பகுதிகளுக்கு மட்டும் கலர் மாஸ்க் போட்டுக்கொண்டால் ஆக்சிஜனின் நீலம் கெடாது. இதற்குப் பிறகு 30, 40 சதவீதம் எஸ்சிஎன்ஆர், வெளிச்சத்தைப் பாதுகாக்கும் விருப்பத்தோடு.

படி 8: லூமினன்ஸ்

நிறம் நாய்ஸாக இருந்தாலும் படம் சுத்தமாகத் தெரிய முடியும். கண் வெளிச்சத்தில்தான் நுணுக்கம் பார்க்கிறது, நிறத்தில் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஜேபெக் நிறத்தைப் பாதி அளவில் சேமித்துவிட்டுத் தப்பிப்பது இந்தப் பலவீனத்தை நம்பித்தான். நாமும் நம்பலாம்.

ஹைட்ரஜனை அப்படியே லூமினன்ஸாக, அதாவது படத்தின் வெளிச்சச் சேனலாக, வைப்பது பழைய வழி. ரோசெட் போன்றவற்றில் ஓரளவு செல்லும். ஆக்சிஜன் மட்டுமே ஒளிரும் இடங்களில், வெயில் (Veil) நெபுலாவின் நீல இழைகளைப்போல, அது அவற்றை இருட்டாக்கிவிடும். மூன்றையும் சமமாகச் சராசரி எடுத்தால் என்ன? முந்தைய கணக்குக்கே போவோம். ஹைட்ரஜன் 20, ஆக்சிஜன் 4. இரண்டின் சராசரியின் விகிதம் சுமார் 17தான். ஹைட்ரஜன் தனியாக இருந்ததைவிடக் குறைவு! சிக்னலை நாய்ஸின் வர்க்கத்தால் வகுத்து எடைபோட்டுச் சேர்த்தால் 20.4 கிடைக்கும்.

நான் செய்வது: எடைபோட்ட கலவை ஒன்றை உருவாக்குவேன், இந்தக் கணக்கில் ஹைட்ரஜனுக்கு 5 பங்கு, ஆக்சிஜனுக்கு 1 பங்கு. பிறகு ஒவ்வொரு பிக்சலிலும் அந்தக் கலவை, ஸ்ட்ரெச் செய்த ஆக்சிஜன் இரண்டில் எது பெரிதோ அதை எடுப்பேன். பெரியதை எடுக்கும் செயல் பின்னணியில் ஒரு சின்னத் தீங்கு செய்யும். சம அளவு நாய்ஸுள்ள இரண்டில் எப்போதும் பெரியதை எடுத்தால் பின்னணி நாய்ஸின் 0.56 பங்கு அளவுக்கு மேலே ஏறிவிடும். அதனால் நாய்ஸ் குறைத்த பிறகே இதைச் செய்கிறேன், முடிந்ததும் கறுப்புப் புள்ளியைச் சற்று இறக்குகிறேன்.

படி 9: நிற நாய்ஸும் செறிவும்

லூமினன்ஸ் தனியாகக் கையில் இருப்பதால் நிறப் படத்தை இப்போது தைரியமாக மழுப்பலாம். வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கும் லேப் (Lab) நிறவெளியில் ஏ, பி இரண்டு நிறச் சேனல்களையும் மட்டும் 8 முதல் 32 பிக்சல் அடுக்குவரை அமைதிப்படுத்துங்கள். தனியாகப் பார்க்கும்போது நிறம் நீர்வண்ணம்போலக் கரைந்து தெரியும். லூமினன்ஸை மேலே வைத்ததும் நுணுக்கமெல்லாம் திரும்பி வந்துவிடும்.

செறிவை ஏற்றும்போது மாஸ்க் இல்லாமல் ஏற்றாதீர்கள். லூமினன்ஸையே மாஸ்க்காக்கி, அதன் இருண்ட பகுதியை நன்றாகக் கறுப்பாக்கி, சற்று மழுப்பிப் பயன்படுத்துங்கள். சிக்னல் உள்ள இடத்தில் நிறம் முழுதாக ஏறும், மங்கலில் பாதி ஏறும், வெறும் வானத்தில் ஏறவே ஏறாது. அதே மாஸ்க்கைத் தலைகீழாக்கி, வானத்தின் செறிவை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டால் எஞ்சிய திட்டுகளும் கண்ணிலிருந்து மறையும். இந்த முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்.

படி 10: நட்சத்திரங்கள் திரும்பி வருதல்

சாதாரண ஆர்ஜிபி ஃபில்டர்களில் ஒவ்வொன்றிலும் அரைமணி நேரம் எடுத்தாலும் நட்சத்திரங்களுக்குப் போதும். உண்மையான நிறத்தில் பொன்மஞ்சளும் வெண்நீலமும் கிடைக்கும். அப்படி இல்லாவிட்டால், நேரோபேண்ட் நட்சத்திரங்களைத் தனிப் படமாகச் சேர்த்து, தலைகீழ் நிறமாக்கி, எஸ்சிஎன்ஆர் ஓட்டி, மீண்டும் தலைகீழாக்குங்கள். தலைகீழில் ஊதா பச்சையாகிறது, பச்சை வெட்டப்படுகிறது, திரும்பும்போது ஊதா போயிருக்கும். ஹைட்ரஜன் நட்சத்திரங்களை மட்டும் வெள்ளையாக வைத்துவிடுவதும் கௌரவமான வழிதான்.

சேர்ப்பது ஸ்கிரீன் முறையில்: இரண்டு படங்களையும் 1லிருந்து கழித்து, பெருக்கி, வந்ததை மறுபடி 1லிருந்து கழியுங்கள். வெறுமனே கூட்டினால் பிரகாசமான நெபுலா மேல் நட்சத்திரங்கள் வெந்துபோகும்.

படி 11: வந்தது உண்மையா என்று பார்த்தல்

எல்லாம் முடிந்த படத்தில் இரண்டு வகைத் தவறுகள் ஒளிந்திருக்கலாம். நாய்ஸை நெபுலாவாக்கியிருக்கலாம். நெபுலாவை நாய்ஸ் என்று அழித்திருக்கலாம். இரண்டாவது எனக்கு அதிக வலி தருவது. 2011இல் பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோலா ஊட்டர்ஸ், ஷார்ப்லெஸ் 2-129 நெபுலாவுக்குள் மிக மங்கலான ஒரு ஆக்சிஜன் வடிவத்தைக் கண்டார். இன்று கணவாய் நெபுலா என்று அழைக்கப்படும் ஓயூ 4 அதுதான். பலமுறை படமெடுக்கப்பட்ட ஆண்ட்ரோமிடா விண்மீன்திரளுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஆக்சிஜன் வில் இருப்பதை அமெச்சூர் வானியலாளர்கள் கண்டு, 2023இல் அறிவித்தார்கள். மங்கலான நீலத்தை எல்லாம் துடைத்துவிடுபவருக்கு இவை ஒருநாளும் கிடைத்திருக்காது.

இரண்டு தவறுகளையும் பிடிக்க ஒரே சோதனை போதும். ஆக்சிஜன் ஃபிரேம்களை ஒற்றை எண், இரட்டை எண் என்று இரண்டு பாதியாகப் பிரித்து, தனித்தனியாக ஸ்டேக் செய்யுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் நெபுலா போய் நாய்ஸ் மட்டும் எஞ்சும். அந்த நாய்ஸின் அளவைப் பாதியாக்கினால் முழு மாஸ்டரின் நாய்ஸ் கிடைக்கும். சின்னக் கணக்கின்போது நீங்கள் எழுதிவைத்த எண்ணை இதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். பிறகு இரண்டு பாதிகளையும் ஒரே மாதிரி ஸ்ட்ரெச் செய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சந்தேகமான நீலத் திட்டுக்கு மேல் கொண்டுபோங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையென்றால் அது நாய்ஸ், முடிந்த படத்தில் அந்த இடத்தின் செறிவை இறக்கிவிடுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் நின்றால் பிரித்த விதத்தையும் மாற்றிப் பாருங்கள்: இந்த முறை இரவுகளை வைத்து, முதல் பாதி இரவுகள் ஒன்று, பிந்தியவை ஒன்று. ஃப்ளாட்டின் (தூசி நிழலைச் சரிசெய்ய எடுக்கும் படத்தின்) கறையும் நிலவின் சாய்வும் இரவுக்கு இரவு மாறும். அதிலும் அசையாமல் நின்றால் மாஸ்க்கில் அந்த இடத்தைத் திறந்துவிட்டு, அடுத்த நிலவில்லா இரவுக்கு ஆக்சிஜன் ஃபில்டரைப் போட்டு வையுங்கள்.